ஃப்ளாப்பிக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து இன்று அலுவலகத்தைத் திறந்தபோது, வாடிய சாமந்தியும் காய்ந்த சந்தனமும் கலந்த அந்த வாசம் முகத்தில் வந்து மோதியது. கணக்குப் பிரிவில் ஒரு கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே இல்லை. விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுவிடலாம், அதற்கு ஒரு பூட்டபிள் பென்டிரைவ் தயார் செய்வோம் என்று மேசை இழுப்பறையைத் திறந்தேன். என் பென்டிரைவின் மூடியில் யாரோ சின்னதாக ஒரு சந்தனப் பொட்டு வைத்து, மேலே குங்குமமும் இட்டிருந்தார்கள். 

பென்டிரைவுக்கு ஒன்றும் ஆகாது. துடைத்துவிட்டுச் செருகினால் வேலை செய்யும். நம் காலத்து ஃப்ளாப்பிக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை. நீ போன பிறகு வருகிற முதல் ஆயுத பூஜை இது. அதனால்தான் உனக்கு இதை எழுதுகிறேன். படிக்க நீ இல்லை என்பது தெரியாமல் இல்லை.

ஓசூர் தொழிற்பேட்டையில் அந்தச் சின்னத் தொழிற்சாலை, அதன் மாடியில் கண்ணாடித் தடுப்பு போட்ட அறை, அறைக்குள் ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதில் ஆய்வு அறிக்கைகளை அடித்து ஏற்ற நாம் இரண்டு பேர். கீழே லேத் ஓட்டுபவர்களுக்கு மின்விசிறிகூட ஒழுங்காகச் சுற்றாது. நம் அறைக்கு மட்டும் ஏசி. 'ஐஸ் பொட்டிக்குள்ள ரெண்டு தக்காளி' என்று நம்மைச் சொல்வார்கள். நீ அதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டதே இல்லை. "தக்காளி கெட்டுப்போவாம இருக்குதுல்ல புள்ள, விடு" என்பாய்.

நான் மூக்கண்டப்பள்ளியில் அண்ணன் வீட்டிலிருந்து நடந்தே வந்துவிடுவேன். நீ கிருஷ்ணகிரிப் பெண். ஓசூரில் உன் சின்னம்மா வீட்டில் தங்கி வேலைக்கு வந்தாய். நீ அத்தா என்று கூப்பிடும் உன் அப்பாவுக்குக் கிருஷ்ணகிரியில் போல்ட், நட்டு விற்கிற இரும்புக் கடை. உன்னை வேலைக்கு விடுவதற்கு அவர் சம்மதித்ததே பெரிய கதை. பட்டினி கிடந்து, சின்னம்மாவைத் தூது விட்டு, ஒருவழியாக வாங்கிய சம்மதம். அதிலும் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். "உன்னப் பத்தி வெளிய ஒரு பேச்சு என் காதுக்கு வந்துச்சுன்னா, அன்னியோட வேலைக்கு முழுக்கு." அவர் குரலிலேயே இதை நீ சொல்லிக் காட்டும்போது நாம் இருவரும் சிரிப்போம். சிரித்து முடித்ததும் உன் முகம் கொஞ்சம் வாடும்.

அந்தக் கம்ப்யூட்டர் மேல் உனக்கு இருந்த ஆசையை நான் வேறு எவரிடமும் பார்த்ததில்லை. காலையில் சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் வாய்க்குள் "பிஸ்மில்லா" சொல்வாய். நான் போட்டுவிட்டால்கூட ஒருமுறை அணைக்கச் சொல்லி, பிஸ்மில்லா சொன்ன பிறகுதான் மறுபடி போடவிடுவாய். "எதத் தொடங்குனாலும் சொல்லணும் புள்ள. இது மட்டும் என்னாத்துக்கு விதிவிலக்கு?"

அந்த வருட ஆயுத பூஜைக்குக் கீழே அவரவர் கருவிக்கு அவரவரே பொட்டு வைத்தார்கள். லேத்துக்கு, ஸ்பேனருக்கு, வெர்னியருக்கு. அது அங்கே வழக்கம். எந்தக் கருவியை எவர் தொட்டு வேலை செய்கிறாரோ அவர்தான் அதற்குப் பொட்டு வைக்க வேண்டும், வேறு ஆள் வைக்கக் கூடாது. சந்தனக் கிண்ணம் மாடிக்கு வந்தபோது நான் பூ வாங்கப் போயிருந்தேன். கிண்ணத்தைக் கொண்டுவந்தவர், நீ வேறு மதத்துப் பெண்ணாயிற்றே என்று தயங்கி நின்றாராம். அவருக்குச் சங்கடம் வேண்டாமென்று நீயே கையை நீட்டி வாங்கிக்கொண்டாய்.

கம்ப்யூட்டருக்கு வைத்தால் ஈரம் உள்ளே இறங்கிக் கரண்டைக் கெடுத்துவிடுமோ என்று உனக்குப் பயம். அதனால் பூட் ஃப்ளாப்பிக்கு வைத்தாய். கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் தட்டி எழுப்புவது அதுதான், அதுதான் நம் ஸ்பேனர் என்பது உன் கணக்கு. காகித உறைக்கு வைத்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. உறையிலிருந்து எடுத்து, அந்தக் கறுப்புச் சதுரத்தின் மேல், வட்டு வெளியே தெரிகிற நீளத் திறப்புக்கு நேர் மேலாக வைத்தாய். கேட்டதற்கு, "உறைக்கு வெச்சா சட்டைக்குப் பொட்டு வெச்ச மாதிரி ஆவும். நெத்திக்கில்ல வெக்கணும்?" என்றாய். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஃப்ளாப்பிக்கு நெற்றி எது என்று நம் இருவருக்குமே தெரியாது.

விடுமுறை முடிந்து சுவிட்சைப் போட்டால், சிஸ்டத்தைக் காணோம் என்று திரையில் ஒரே வரி. அது அவ்வப்போது அப்படிப் படுத்துக்கொள்வதுதான், அதனால் ஒன்றும் பதறவில்லை நாம். பூட் ஃப்ளாப்பியைச் செருகினோம். காய்ந்த சந்தனம் பொடியாக உதிர்ந்து வட்டோடு சேர்ந்து சுற்றியது. காப்பிக்கொட்டை அரைப்பதுபோல் ஒரு சத்தம். மேனேஜர் அலமாரியில் மாற்றாக ஒன்று இருந்தது, அதையும் வாங்கிவந்து போட்டோம். டிரைவுக்குள் ஒட்டியிருந்த சந்தனம் அதையும் கீறித் தீர்த்துவிட்டது. அப்போதுதான் என்ன நடந்தது என்று உனக்குப் புரிந்தது.  "பாய் வூட்டுப் பொண்ணு கை வெச்சா இப்டித்தான்னு யாராச்சும் சொல்லுவாங்க புள்ள. அது அத்தா காதுக்குப் போவும்." உன் பயம் கம்ப்யூட்டரைப் பற்றியது அல்ல என்று எனக்கும் புரிந்தது.

மேனேஜர் ஆனேக்கல் பக்கத்துக்காரர், பாதி கன்னடமும் பாதி தமிழுமாகப் பேசுகிறவர். மேலே வந்து டிரைவின் வாயில் ஒட்டியிருந்த சந்தனத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "ஏனம்மா இது, பூஜெ ஜாஸ்தி ஆயித்தா?" என்றவர், திட்டாமல் விழுந்து விழுந்து சிரித்தார். பெங்களூருக்குச் சரக்கு ஏற்றிப் போகும் வேனில், மெஷின் விற்றவர்களிடமிருந்து வேறு ஃப்ளாப்பி வாங்கிவரச் சொல்லி அனுப்பினார். வேன் திரும்புவதற்குள் நாம் டிரைவைக் கழற்றினோம். முதலுதவிப் பெட்டியிலிருந்து ஸ்பிரிட், பூஜையில் மிஞ்சிய ஊதுபத்திக் குச்சி, அதன் நுனியில் பஞ்சு. நீ துடைக்கத் துடைக்கப் பஞ்சு மஞ்சளாக வந்தது. நீ மூச்சுகூட விடாமல் துடைத்தாய்.

புது ஃப்ளாப்பி வந்ததும் அதைச் செருகி, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் வட்டை ஃபார்மட் போட்டோம். எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. ஆய்வு அறிக்கைகள் காகிதத்தில் இருந்தன, திரும்ப அடித்துக்கொள்ளலாம். இருந்தாலும் எனக்குக் கை வரவில்லை. "நான் கெடுத்தது, நானே அழுத்துறேன்" என்று நீ பிஸ்மில்லா சொல்லி அழுத்தினாய். கடைசியில், கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது என்பதற்கு அடையாளமாகக் கறுப்புத் திரையில் அந்த ஒற்றை எழுத்து வந்து மினுக்கியபோது, என் தோளில் சாய்ந்து அழுதாய். தப்பித்தோம் என்றுதான் நினைத்தோம்.

நம்மைக் கெடுத்தது யாருடைய கோபமும் இல்லை. மேனேஜர் சிரித்த சிரிப்பு கீழே இறங்கியது. 'நம்ம பாயம்மா பொட்டு வெச்சே கம்ப்யூட்டரக் கவுத்துடுச்சு' என்று லேத்துக்கு லேத் சொல்லிச் சிரித்தார்கள். ஒருவர் மனதிலும் கெட்ட எண்ணம் கிடையாது, உன்மேல் பிரியம்தான். சாயந்தரம் மூக்கண்டப்பள்ளியில் தண்ணீர்க் குழாயடியில்கூட அதே பேச்சு. நம் ஸ்டோர்காரர் போல்ட் வாங்கக் கிருஷ்ணகிரிக்குப் போனார். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் உன் அத்தா என்று அவருக்குத் தெரியாது. பேச்சுவாக்கில் அந்தக் கதையை நன்றாக நடித்தே காட்டியிருக்கிறார்.

அடுத்த வாரம் நீ வரவில்லை. உன் அத்தாதான் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் தொப்பி. இனி நீ வேலைக்கு வரமாட்டாய் என்றார்; நீ விட்டுப்போன டிபன் பாக்ஸை நான் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நின்றார். "பொட்டு வெச்சதுக்கு இல்லம்மா. அது ஆளுக்கு ஆளு குடுக்குற மரியாத, அதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா எம்பொண்ண வெச்சு எங்கடையிலயே நின்னு சிரிக்கிறாங்க. நானும் கூடச் சேந்து சிரிச்சேன், வேற என்ன பண்றது சொல்லு." அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அந்தக் கம்ப்யூட்டரை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

அதன் பிறகு உன்னைப் பார்த்தது உன் கல்யாணத்தில். பிறகு ஒருமுறை கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில், இடுப்பில் குழந்தையோடு. பஸ் கிளம்புகிற நேரத்தில், "அந்த டிரைவு இன்னும் கர்ருன்னுதா புள்ள?" என்று கேட்டாய். இல்லை, நன்றாக ஓடுகிறது என்றேன். உன் முகத்தில் சந்தோஷமா வருத்தமா என்று கண்டுபிடிப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

போன கோடையில் உன் மகள் போன் செய்தாள். நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்து, திரும்பவில்லை என்றாள். "நீங்கதான் அம்மாவோட கம்ப்யூட்டர் ஃபிரெண்டா?" என்று கேட்டாள். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில்தான் அவளுக்கும் வேலை. "அம்மா உங்க ஆபீஸ் பத்திப் பேசிட்டே இருப்பாங்க ஆன்ட்டி. ஆனா வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்குனப்ப கிட்டவே வரல. தூசி தட்டுவாங்க, துணி போட்டு மூடுவாங்க. ஒரு நாளும் சுவிட்ச் போட்டதில்ல." அதைக் கேட்டபோது, நீ இறந்த செய்தியைவிட எனக்கு அது அதிகமாக வலித்தது. இப்போதும் வலிக்கிறது.

இன்று பென்டிரைவைத் துடைத்துச் செருகினேன். இதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா என்று இந்தக் காலத்துக் கம்ப்யூட்டரும் அதே கேள்வியைக் கேட்டது. பச்சைக் கோடு மெல்ல நிறைந்து முடிந்தது. எடுத்துக்கொண்டு கணக்குப் பிரிவுக்குப் போய், படுத்துக் கிடந்த கம்ப்யூட்டரில் செருகி, சுவிட்சில் விரலை வைத்து "பிஸ்மில்லா" என்றேன். நீ போன நாளிலிருந்து அல்ல, நீ வேலையை விட்டு நின்ற நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறேன். நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு நான் அதைச் சொல்வதைக் கேட்டு இங்கேயும் சிரிக்கிறார்கள். கணக்குப் பிரிவுப் பெண் இன்றைக்கும் சிரித்தாள். எத்தனையோ ஆபீஸ் மாறிவிட்டேன், எல்லா இடத்திலும் சிரித்தார்கள்.

ஆனால் அதற்காக என் டிபன் பாக்ஸை வாங்கிப்போக ஒருவரும் வரவில்லை.