தாய்மரத்துக்குச் சிவப்பு

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது.

நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். நாங்களும் சுகம்தான் என்று எழுதக் கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் கடிதம். நம் வீட்டுக்கு மேலே உள்ள காட்டில் இந்தத் தடவை வெட்டு முறை வந்தது. உனக்குத் தெரிந்ததுதான், வெட்டலாம் என்கிற மரத்துக்கு வெள்ளைக் கோடு, விதை கொடுக்கிற தாய்மரத்துக்குச் சிவப்பு வளையம், அதைத் தொடக்கூடாது. உன் அப்பா மழை, அட்டைக்கடி எதையும் பார்க்காமல் ஒவ்வொரு மரமாகச் சுற்றி வந்து சிவப்பு அடித்தார், என்னைக் கட்டிக்கொள்ளும்போதுகூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார். புதிதாக வந்த வெட்டுக்காரர்கள் முன்பு வேலை பார்த்த இடத்தில் சிவப்பென்றால் வெட்டு என்று அர்த்தமாம். அவர்களும் கேட்கவில்லை, நம்மவர்களும் சொல்லவில்லை, சிவப்பென்றால் நில் என்று உலகத்துக்கே தெரியும் என்கிற நினைப்பு. அப்பா காய்ச்சலில் படுத்திருந்தபோது தாய்மரங்களாகப் பார்த்துச் சாய்த்துவிட்டார்கள், வெள்ளைக் கோடு போட்டதெல்லாம் அப்படியே நிற்கிறது. அவர்களுடைய மேஸ்திரி வாசலில் வந்து நின்று, "நீங்க போட்ட குறியத்தானேண்ணே வெட்டினோம்" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது, எனக்குத் திட்ட வாய் வரவில்லை.

நாற்று வைத்துச் சரிசெய்துவிடலாம் என்று அப்பாவின் அதிகாரி எங்கள் மனசுக்காகச் சொன்னார். நாற்றுப் பண்ணையில் தண்ணீர் ஊற்றுகிற எனக்குத் தெரியாதா, விதைக்கு எங்கே போவது? அவை வருஷா வருஷம் காய்க்கிற மரங்கள் இல்லை, விதையை எடுத்து வைத்தாலும் ஈரம் காய்ந்ததும் செத்துப்போகும். இந்த வருஷம்தான் பூத்திருந்தது, பிஞ்சோடு விழுந்து கிடக்கிறது. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன. அப்பா காலையில் பூட்ஸை மாட்டிக்கொண்டு படியில் உட்காருகிறார், கொஞ்ச நேரத்தில் கழற்றிவிடுகிறார். சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

படிப்பு முடிந்ததும் இங்கேயே வேலைக்கு வருகிறேன், மரத்தை வெட்டிக்கொண்டே காட்டையும் காப்பாற்ற முடியும் என்று காட்டலாம் என்று எழுதியிருந்தாய். அப்பா படித்துவிட்டு மடித்து வைத்தார். நான் சொல்கிறேன், வராதே கண்ணு. அங்கேயே ஒரு வேலையைத் தேடிக்கொள். பெற்றவளே பிள்ளையை வராதே என்று எழுதுகிறேன் என்றால் இங்கே என்ன மிச்சம் என்று நீயே புரிந்துகொள்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே, நூறு வயசு நன்றாக இரு. ஒன்று மட்டும் மறக்காதே, அப்பாவிடம் பேசும்போது மரத்தைப் பற்றிக் கேட்காதே. மழை பெய்கிறதா என்று கேள், போதும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா