அல்டோனா வரைக்கும்தான்

என் பிலோமி அக்காவுக்கு,

நீ போன பிறகு வரும் முதல் கிறிஸ்துமஸ் இது. வாசலில் இன்னும் நட்சத்திரம் கட்டவில்லை. கட்டவும் மனம் வரவில்லை.

உன் தலைக்குள் வளர்ந்த கட்டி முதலில் எடுத்துக்கொண்டது உன் ஜெர்மனை. ஹம்பர்க்கில் இத்தனை வருடம் வாழ்ந்து பேசிய மொழி சில வாரங்களில் போனது. பிறகு ஆங்கிலமும் போனது. மிஞ்சியது தமிழும் கொஞ்சம் மலாயும். உன் கணவருக்கு இரண்டும் தெரியாது. நீ வாய் திறந்தால் யூர்கன் அத்தான் பினாங்கில் இருக்கும் எனக்குப் போன் போட்டு, அதை உன் வாயருகே பிடிப்பார்.

"யாருடி இந்த வெள்ளக்காரன்? போகவே மாட்டேங்கிறான். என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ லா."

"என்ன சொல்றா?" என்று அத்தான் ஆங்கிலத்தில் கேட்பார்.

"வீட்டுக்குப் போகணுமாம் அத்தான்." முதல் பாதியை அவரிடம் எப்படிச் சொல்வது?

எந்த வீடு என்று அவருக்குப் புரிந்தது. விமானம் ஏற டாக்டர் விடவில்லை. அதனால் மத்தியான வேளைகளில் உன்னைச் சக்கர நாற்காலியில் வைத்து அந்தக் குட்டி ரயிலுக்குக் கூட்டிப்போனார். நகரத்தின் பெரிய நிலையத்தை அல்டோனா நிலையத்தோடு சேர்க்கும் பாதை. நாலைந்து நிறுத்தம்தான். கிளம்பியதுமே ஒரு பாலம், இரண்டு பக்கமும் ஏரித் தண்ணீர்.

"பெரி கெளம்பிருச்சு!" என்று கை தட்டுவாயாம். பட்டர்வொர்த்திலிருந்து படகில் நம் பினாங்குத் தீவுக்கு வருவதாக நினைப்பு. அல்டோனா வந்ததும் அழுவாய். அவர் திரும்பும் ரயிலில் ஏற்றுவார். மறுபடியும் தண்ணீர் வரும். வீடு வராது.

உன் அடக்கத்துக்கு வந்தபோது என்னையும் அதில் கூட்டிப்போனார். சாம்பல் நிறத் தண்ணீர், அதில் இரண்டு அன்னங்கள். நம் கடலை இதில் எங்கே கண்டாய் அக்கா? எனக்குத் தென்படவே இல்லை.

அங்கேதான் அவர் கைப்பேசியை நீட்டினார். உன் கடைசிப் பயணத்தில் நீ பேசியதைப் பதிவு செய்திருந்தார்.

"இதுல என் பேரு வருதா? அது மட்டும் சொல்லு."

கேட்டேன். தமிழ் இல்லை, மலாய் இல்லை. மூச்சும் எச்சிலும் கலந்த வெறும் சத்தம். ஊர் திரும்பிய பிறகும், அவர் அனுப்பிக்கொடுத்ததைக் கதவைச் சாத்திக்கொண்டு எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். பேர் இல்லை. சொல் என்று ஒன்றுகூட இல்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அத்தான் கூப்பிட்டார். "ஏதாவது புரிஞ்சுதா?"

"இல்ல அத்தான். எனக்கும் ஒண்ணும் புரியல."

வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால், "மெதுவா ஓட விட்டுக் கேட்டுப் பாக்கிறியா?" என்றார்.

கேட்கிறேன் அக்கா. அதிலும் ஒன்றும் இருக்காது. நீ சொல்லாத பேரை உன் வாயில் வைக்க மாட்டேன். ஆனால் அவர் கூப்பிடும்போதெல்லாம் போனை எடுப்பேன். இதற்குமேல் உனக்கு என்ன வாக்குக் கொடுப்பதென்று தெரியவில்லை.

உன் கடைசிப் பேச்சு விளங்காத தங்கச்சி,
ரீட்டா