பந்தை இழந்தபின் ஆடவேண்டிய பயிற்சி குறித்து ஆதன் எழினியாருக்கு

மழை பிழையாதிருக்க, குடிகள் அஞ்சாதிருக்க. வெண்குன்ற நாடுடைய அரசி நங்கைமாதேவி, நம் கால்பந்துத் திரையாட்டத் தலைவர் ஆதன் எழினியாருக்கு எழுதுவித்த ஓலை. உம் மனையும் உம் கைவிரல்களும் நலமுற்று வாழ்க.

குயிலாற்று மதகு நமக்கா கருந்துறை நாட்டுக்கா என்னும் வழக்கை, இரு நாட்டு மரபின்படி, வாளால் அன்றி ஒளித்திரையில் ஆடும் கால்பந்தால் வரும் முழுநிலா நாளில் தீர்க்க இருக்கிறோம். தோற்றால் மதகு அவர்களுடையது. நம் கீழ்க்கரை வயல்கள் காய்ந்துபோகும். இதை நீர் அறியாதவர் அல்லீர்.

நேற்றைய வெள்ளோட்டத்தில் கருந்துறையின் ஆட்டக்காரி வேண்மாள் உம்மிடமிருந்து பந்தைப் பறித்ததும், உம் கட்டைவிரல் ஒரு பொத்தானை அழுத்தியது. திரை அப்படியே நின்றது. கேளாமல் ஆட்டத்தை நிறுத்தியவர் எதிரிக்குப் பெனால்டி கொடுக்கவேண்டும் என்பது விதி. கொடுத்தோம்; கோல் விழுந்தது. சற்று நேரத்தில் மறுபடியும் அவ்வாறே ஆயிற்று. வெண்குன்றத்தார் பந்து போனால் கண்ணை மூடிக்கொள்வார்கள் போலும், வேண்டுமானால் தாலாட்டும் பாடுகிறேன் என்று அவள் கூறியதும், நம் அவையினரே சிலர் வாய்பொத்திச் சிரித்ததும் எம் செவியை விட்டு அகலவில்லை. காரணம் வினவியபோது, விரல் தானே சென்றது, நான் அனுப்பவில்லை என்றீர். அதைப் பொய் என்று யாம் எண்ணவில்லை. பொய்யாக இருந்திருந்தால் அச்சம் குறைந்திருக்கும்.

இன்று காலை உம் பயிற்சிக்கூடத்தில், நீர் அறியாமல், பின்னால் நெடுநேரம் அமர்ந்திருந்தோம். திரையே எதிரியாக நின்று ஆடும் பயிற்சி முறை ஓடிக்கொண்டிருந்தது. அங்கே கடிகாரம் இல்லை, கூச்சல் இல்லை. நீர் வளைத்து உதைத்த பந்துகள் வலையின் மேல்மூலையில் சென்று விழுந்த அழகைக் கண்டு மகிழ்ந்தோம். ஆனால் பந்து பறிபோன ஒவ்வொரு முறையும் நீர் அதே பொத்தானை அழுத்தினீர். பந்து உம் காலடிக்கே திரும்பி வந்தது. பயிற்சியில் பந்தை மீட்டுத் தரும் பொத்தானே போட்டியில் ஆட்டத்தை நிறுத்துவது. பந்தை இழந்தபின் வரும் பொழுதை நீர் ஒருநாளும் ஆடிப் பார்த்ததில்லை, எழினியாரே.

அமைச்சர் கொற்றங்குமரனார் அப்பொத்தானை அரக்கிட்டு மூடிவிடலாம் என்றார். மறுத்தோம். ஆட்ட நாளில் அது திறந்தே இருக்கும். உம் விரல் அதன் அருகிலேயே இருந்தும் அதைத் தொடாதிருக்க வேண்டும்.

ஆகவே ஆணையிடுகிறோம். பயிற்சி முறையை விடவேண்டாம். ஆனால் இனி ஒவ்வொரு சுற்றும் எதிரியின் காலில் பந்து இருக்கத் தொடங்குக. பறிபோனால் துரத்துக; கோல் விழுந்தால் விழட்டும், அதைக் கண்ணால் காண்க; நடுக்கோட்டிலிருந்து மீண்டும் ஆடுக. வேண்மாளைப் போல் ஏளனம் பேசத் தெரிந்தவர்கள் அருகில் இருக்கட்டும். ஊராரின் கூச்சல் உள்ளே வரும்படி கூடத்து வாயில்களைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறோம்.

முழுநிலாவுக்கு முந்தைய மாலை எம் முன் ஆடுக. அன்று விரல் ஒருமுறை அப்பொத்தானுக்குச் சென்றாலும் உம் இருக்கையில் வேறொருவர் அமர்வார். செல்லாதிருந்து, இறுதிவரை துரத்தி, பின் முழுநிலா நாளில் நீர் தோற்றால், கீழ்க்கரைக் குடிகளின் முன் சென்று நிற்பவர் யாமே, நீர் அல்லீர்.

குன்றும் பிறையும் பொறித்த முத்திரை இட்டோம். ஓலை கொணர்ந்தவரிடம் மறுமொழி வேண்டா. பயிற்சியைத் தொடங்குக.