ஒத்த லைட்டு

ஐப்பசி 14, செவ்வாய்

தூக்கம் வரல. எழுதினாலாவது வருமானு பாக்கறேன்.

சாயங்காலம் பொன்னேரியில மீன் இறக்கிட்டு குட்டியானை வண்டியில திரும்பி வந்தேன். காட்டூர் தாண்டினதும் வலது பக்க ஹெட்லைட் பட்டுனு போச்சு. தூறல் வேற. எதிர்ல பைக்ல வந்தவன் என் ஒத்த லைட்டைப் பாத்து இதுவும் பைக்குனு நெனச்சு நேரா வந்துட்டான். கிட்ட வந்தப்புறம்தான் வண்டியே தெரிஞ்சிருக்கு. ஒடிச்சுத் திருப்பி சேத்துல விழுந்தான். பின்னாடி பொண்டாட்டி, மடியில கொழந்த. நல்லவேளை யாருக்கும் அடியில்ல. கண்டபடி கத்தினான்.

ஊருக்கு வந்ததும் மெக்கானிக் பாய் லைட்டைக் கழட்டிப் பாத்தாரு. கண்ணாடிக்குள்ள ஈரம் முத்து முத்தா கோத்திருந்துது. வெடிச்ச பல்பைக் கையில வெச்சிக்கினு, "இத வெறுங்கையால தொட்டியா நைனா? பிசுக்கு பட்டா சூட்டுல வெடிச்சிடும். அப்பால தொடச்சும் பிரயோஜனமில்ல, மாத்தத்தான் வேணும்"னாரு.

"நான் தொடல பாய்"னுட்டேன்.

பொய். நேத்து எறா கூடை தூக்கின கையை லுங்கியில தொடச்சிட்டு நான்தான் மாட்டினேன்.

அவர்கிட்ட புது பல்பு இல்ல. நாளைக்குக் கடை தெறந்தாதான். "இடது பக்கம் எரியுதில்ல, அத நம்பி மெதுவா போ"னாரு.

விடிய நாலு மணிக்கு அக்காவும் இன்னும் அஞ்சு பொம்பளைங்களும் மீன் கூடையோட ஏறுவாங்க. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஏரித்தண்ணி ஏறி நிக்குது.

இடது பல்பையும் நேத்து அதே கையாலதான் மாட்டினேன்.