வலப்பக்கக் கயிறு என் கையில்தான் இருந்தது

என் பிரியமுள்ள மாப்ளே பொன்னுசாமி,

ஊருக்கு முன்னால் "வாங்க மாப்ள, போங்க மாப்ள" என்றுதான் உன்னைக் கூப்பிட்டேன். என் தங்கச்சி செல்லாத்தாவைக் கட்டியவனுக்கு அந்த மரியாதை கொடுக்கத்தானே வேணும். ஆனால் துடியலூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே பலகையில் உட்கார்ந்த நாளிலிருந்து, தனியாக இருந்தால் நமக்குள் நீ, நான்தான். இந்தக் கடுதாசியிலும் அப்படியே இருக்கட்டும்.

நாளைக்கு உன் வருசத் திதி. சொந்தபந்தம் எல்லாம் வந்து உட்கார்ந்த பிறகு, இலை போடுவதற்கு முன்னால், இதை நான் எழுந்து நின்று படிக்கப் போகிறேன். படித்து முடித்ததும் எத்தனை பேர் சாப்பிட உட்காருவார்கள், எத்தனை பேர் துண்டை உதறிக்கொண்டு கிளம்புவார்கள் என்று தெரியவில்லை. காலையிலிருந்து காற்றே இல்லை. கொட்டாயில் புதிதாகக் கட்டியிருக்கும் கறுப்புக் குதிரை தண்ணீர் குடிக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

நீ செவலைக் குதிரையால் செத்தாய் என்று ஊர் சொல்கிறது. அது நடந்தது எப்படி என்று தெரிந்தவர்கள் அன்றைக்கு அந்தக் குளத்துக்குள் மூன்று பேர்தான். நீ போய்விட்டாய். செவலைக்கு வாயில்லை. மிச்சம் நான்.

பங்குனி மாசம், குளம் வற்றி மண் வெடித்துக் கிடந்தது. மில்லுக்காரரின் சம்சாரத்துக்கு மோட்டார் ஒத்துக்கொள்ளாது, ஏறினால் வாந்தி. அவருடைய கோச்சு வண்டிக்காக அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய குதிரையை உன்னிடம் பழக்க விட்டிருந்தார்கள். கோயமுத்தூர் ஜில்லாவில் உன்னைப் போல் குதிரை பழக்க ஆள் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். நான் சோளமும் பருத்தியும் போடுகிறவன். தோட்டத்தில் வேலை இல்லாத நாளில் உனக்குக் கயிறு பிடிக்க வருவேன், அவ்வளவுதான். குதிரை மூச்சைச் சீறினாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கும். அதைப் பார்த்து நீ சிரிப்பாய்.

அன்றுதான் செவலையை முதல் முதலாக வெறும் வண்டியில் பூட்டினோம். இடப்பக்கக் கயிற்றோடு நீ தலைமாட்டில் நின்றாய். வலப்பக்கக் கயிறு என் கையில். பத்தடி நடந்திருக்கும். புது மில்லின் சங்கு ஊதியது. செவலை முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு உன் பக்கமாகத் திரும்பியது.

"மச்சான், உட்டுராதே!" என்று கத்தினாய்.

நான் விட்டுவிட்டேன், மாப்ளே.

கயிறு அறுந்துபோச்சு என்றோ, கையை அறுத்துக்கொண்டு ஓடிப்போச்சு என்றோ எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை. கயிறு என் கையை இழுக்கக்கூட இல்லை. அது இழுக்கப்போகிறது என்று தெரிந்ததும் விரலைத் திறந்துவிட்டேன். வண்டிச் சக்கரம் உன் நெஞ்சில் ஏறி இறங்கியது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் செல்லாத்தாவிடம் நீ ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாய்: "அது பயந்துபோச்சு."

நீ யாரைச் சொன்னாய்? குதிரையையா, என்னையா? என் விரல் திறந்ததை நீ பார்த்தாயா?

உன் காரியம் முடிந்த மூன்றாம் நாள் மில் மேனேஜர் துப்பாக்கிக்காரர் ஒருவரோடு வந்தார். ஆளைக் கொன்ற குதிரையில் அந்த அம்மா ஏற மாட்டார்களாம், சுட்டுவிடலாம் என்று உத்தரவு. சுழி பார்க்கத் தெரிந்த உன் பங்காளி ஒருவர் செவலையின் நெற்றி மயிர்ச்சுழியைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "இது ஆகாத சுழிங்க. ஒண்ணோட நிக்காது. இன்னொரு உசுரும் கேக்கும்" என்றார். கூடியிருந்தவர்கள் ஓரடி பின்னால் போனார்கள்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நிமிசம் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அது செத்துவிட்டால் நான் செய்ததைப் பார்த்த கண் ஒன்றுகூட உலகத்தில் மிச்சமிருக்காது. நான் செய்ததற்கு நீ ஒருத்தன் போனது போதாதா? அதுவும் சாக வேணுமா?

"சுட வேண்டாங்க" என்று என் வாய் சொல்லிவிட்டது. "நான் பழக்கித் தாரனுங்க."

மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களா?"

"ஆமாங்க."

"ஆடி முடியற வரைக்கும் பாக்கறனுங்க. அதுக்கு மேல இவரக் கூட்டிட்டுத்தான் வருவேன்." துப்பாக்கிக்காரர் செவலையின் காதுக்கும் கண்ணுக்கும் நடுவில் இருக்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது நாள் நான் கொட்டாய்க்குள் காலெடுத்து வைக்கவில்லை. வாசலில் நின்று கொள்ளுக் கூடையைக் கழியால் தள்ளிவிடுவேன். அது கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும். மேனேஜரிடம் போய் "என்னால ஆகாதுங்க, துப்பாக்கியக் கொண்டாங்க" என்று சொல்ல மூன்று தடவை மில் வாசல் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறேன். பத்தாம் நாள் காலையில் வந்து பார்த்தால், செல்லாத்தா கூடையோடு உள்ளே நிற்கிறாள். வெள்ளைச் சீலை. செவலையின் வாய் அவள் கைக்குள்.

"அம்மணி, வெளிய வா!" என்றேன். பங்காளி சொன்ன அந்த இன்னொரு உசுர்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"நீங்க உள்ள வாங்கண்ணா" என்றாள். "நடுங்கறதப் பாருங்க. கயித்தப் பாத்தாப் போதும், இதுக்கு ஒடம்பெல்லாம் உதறுது."

உள்ளே போனேன். நான் நடுங்கியது போலவே அதுவும் நடுங்கிக்கொண்டிருந்தது. ஒருத்தருக்கு ஒருத்தர் மிரண்டுகொண்டு அன்று ஒரு நாழிகை நின்றோம். அவ்வளவுதான் முதல் பாடம்.

சொல்லிக்கொடுக்க எனக்கு யாரும் இல்லை. நீ செய்ததை நினைவில் தேடித் தேடிச் செய்தேன். முதலில் கயிறு இல்லாமல் கூடவே நடந்தேன். பிறகு கயிற்றை அதன் கழுத்தில் சும்மா போட்டு எடுத்தேன். முதுகில் ஏறப் பார்த்த அன்றைக்குத் தூக்கி எறிந்து தோள்பட்டை எலும்பு விலகிவிட்டது. பதினைந்து நாள் கட்டோடு கிடந்தேன். வைத்தியர் கட்டைப் பிரித்துவிட்டு, "இன்னும் எதுக்குங்க அந்தச் சனியனோட மல்லுக்கட்டறீங்க?" என்றார். மறுநாளே மறுபடி கொட்டாய்க்குப் போனேன்.

சங்குதான் பெரிய பாடாக இருந்தது. தினமும் அது ஊதுகிற நேரத்துக்கு மில் மதிலுக்கு அரை மைல் தள்ளி நிற்போம். ஊதியதும் ஒரு கை கொள்ளு. மறுநாள் இன்னும் பத்தடி கிட்டே. வழியில் எங்களைப் பார்த்தால் பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துவார்கள். ஆனி மாசம் கடைசியில், மதிலோரமே நிற்கும்போது சங்கு ஊத, செவலை மிரளாமல் என் மடியை முகர்ந்தது. ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

இன்னொன்றும் பிடிபட்டது. கயிறு பிடிக்கும்போது நான் எப்போதும் காலை ஊன்றிக்கொண்டு பின்னால் சாய்ந்து இழுப்பேன். எவ்வளவு இழுத்தாலும் அதற்கு முன்னால் நான் துரும்புதான். அதனால்தான் இழுப்பதற்கு முன்பே பயம் வந்துவிடும். நீ ஒருநாளும் அப்படி நின்றதில்லை. அது ஓடினால் நாலடி கூடவே ஓடுவாய். கயிற்றைக் கொஞ்சம் கொடுப்பாய், பிறகு சுண்டுவாய், மறுபடி கொடுப்பாய். தலை தானாக உன் பக்கம் திரும்பும். இத்தனை வருசம் பக்கத்தில் நின்றும் நான் அதைப் பார்க்கவில்லை. உன் கைக்கு ஏதோ வரம் இருக்கிறது, என் கைக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டேன்.

ஆடி கடைசி வாரம் மேனேஜர் வந்தார். துப்பாக்கிக்காரரும் வந்தார். அதே குளம், அதே வண்டி. ஆனால் வலப்பக்கக் கயிறு பிடிக்க ஆள் வரவில்லை. கூலிக்குக்கூட ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை. செல்லாத்தா வந்து நின்றாள். தாலி அறுத்து ஐந்து மாசம் ஆகாத பொம்பளை ஊர் பார்க்கக் குளத்துக்குள் நிற்பதா என்று கரையில் சலசலத்தார்கள். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கயிற்றை எடுத்தாள்.

நீ நின்ற இடத்தில் நான். நான் நின்ற இடத்தில் உன் பெண்டாட்டி. மேற்கே மலைப்பக்கம் கன்னங்கரேலென்று இருந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியை வாரி இறைத்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் செவலை நடக்கத் தொடங்கிவிட்டது.

குளத்தைப் பாதி சுற்றினோம். நன்றாகத்தான் வந்தது. அப்போது கரையோரக் கொட்டகையின் கூரைத் தகரம் ஒன்று பிய்த்துக்கொண்டு காற்றில் வந்து எனக்குப் பின்னால் விழுந்தது. செவலை வலப்பக்கம் பாய்ந்தது, நேராகச் செல்லாத்தா மேல்.

விரல்கள் திறக்கப் பார்த்தன, மாப்ளே. சத்தியமாகச் சொல்கிறேன், திறக்கத்தான் பார்த்தன. நான் ஓடினேன். கயிறு உள்ளங்கையில் நெருப்பாக ஓடியது. கொடுத்தேன், சுண்டினேன், ஓடினேன், மறுபடி சுண்டினேன். தலை என் பக்கம் திரும்பியது. வண்டி ஒரு சக்கரத்தில் தூக்கிக்கொண்டு, கீழே விழுந்து கிடந்த செல்லாத்தாவின் காலுக்கு ஒரு முழம் தள்ளி உருண்டு நின்றது. செவலை நுரை தள்ளிக்கொண்டு, அசையாமல் நின்றது. என் தங்கச்சி புழுதியில் கிடந்தபடியே வலப்பக்கக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "போதுமுங்க. குதிரைய அனுப்பி வையுங்க" என்றார். துப்பாக்கிக்காரர் கரையேறிப் போனார்.

செல்லாத்தா எழுந்து வந்து என் கையைத் திருப்பிப் பார்த்தாள். தோல் உரிந்து சதை தெரிந்தது.

"அன்னைக்கு உங்க கைய நாந்தானுங்கண்ணா கழுவி உட்டேன்" என்றாள். "முழங்கை வரைக்கும் அவரு ரத்தம். கழுவிப் பாத்தா ஒரு கீறலு இல்ல."

கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், அவள் விடவில்லை.

"உட்டுட்டீங்களா?"

"உட்டுப்போட்டேன் அம்மணி."

"எதுக்குங்க?"

"பயந்துட்டேன்."

கையை விட்டாள். புழுதிக் காற்றுக்குள் தனியாக நடந்து வீட்டுக்குப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்து மாசமாக அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். தெரிந்தே அந்தக் கயிற்றைப் பிடிக்க வந்து நின்றிருக்கிறாள். நான் எப்போது வாய் திறப்பேன் என்று காத்திருந்தாளா? இல்லை, இந்தத் தடவையும் விடுவேனா என்று பார்க்க வந்தாளா? கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அதற்குப் பிறகு தை வரைக்கும் என்னோடு பேசவில்லை. செவலை இப்போது கோயமுத்தூரில் அந்த அம்மாவை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போய் வருகிறது, சாதுவாக இருக்கிறதாம். என்னிடம் இதுவரை நாலு குதிரை பழக்க வந்துவிட்டன. கறுப்புக் குதிரை காங்கேயத்திலிருந்து வந்தது. கடிக்கும். ஒவ்வொரு நாள் காலையிலும் கயிற்றை எடுக்கும்போது உள்ளங்கை வேர்க்கிறது. வேர்த்தால் துடைத்துக்கொண்டு எடுக்கிறேன்.

இன்று மத்தியானம் இந்தக் கடுதாசியைச் செல்லாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்கு இதையேதான் படிக்கப் போறீங்களா?"

"ஆமா அம்மணி."

"படிங்க. ஆரு எந்திரிச்சுப் போனாலும் நான் போவ மாட்டேன். ஆனா மன்னிச்சுட்டேன்னு சொல்லச் சொல்லி மட்டும் எங்கிட்ட கேட்டு வந்துராதீங்கண்ணா. அதச் சொல்ல வேண்டியவரு செத்துப்போயிட்டாரு."

புடைத்த அரிசியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதனால் உன்னிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, மாப்ளே. ஒரு வாக்குத்தான் தருகிறேன். இனி என் கையால் எது நடந்தாலும், நல்லதோ கெட்டதோ, பொழுது சாய்வதற்குள் நானே அவளிடம் போய்ச் சொல்லிவிடுவேன். அவளாகக் கண்டுபிடிக்கிற மாதிரி இன்னொரு தடவை விட்டுவைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் செல்லாத்தாவின் கூடப் பிறந்தவன், உன் மச்சான்
நாச்சிமுத்து