பைலில் சேராத கடிதம்

வெள்ளவத்தை,
12 ஒக்டோபர் 2024.

அன்புள்ள கணவர் நபீஸ் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

வாப்பா, உம்மா, நான் மூவரும் சுகம். மெல்போர்னில் உங்கள் சுகத்துக்கும் துஆ செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது ஹோலில் எல்லோரும் சுற்றி இருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

விசா மறுத்து வந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு வாப்பாவும் நானும் காலி வீதியில் இருக்கும் விசா ஏஜென்ட் சத்தியநாராயணனிடம் போனோம். நம் உறவு ஜெனுயின் என்று அவர்களுக்குத் திருப்தி இல்லையாம். அந்த ஒரு சொல்லை வைத்து அவர் அரை மணி நேரம் வகுப்பு எடுத்தார். தோல் பைக்கு முன்னால் போட்டால் அசல் தோல். ஆளுக்கு முன்னால் போட்டால் உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாதவர். அன்புக்கு முன்னால் போட்டால் நடிப்பில்லாத அன்பு. "அதுக்கு முன்னால வெரி என்று மட்டும் சேர்க்க வேண்டாம் தங்கச்சி, சந்தேகம் வரும்" என்றார். நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன். பத்து மாதமாக மனைவியாக இருக்கிறேன், இப்போதுதான் பாடம் படிக்கிறேன்.

வாப்பா பஞ்சிகாவத்தையில் முப்பது வருடம் வாகன உதிரிப்பாகம் விற்றவர். அவருக்குத் தெரியாத ஜெனுயினா? படி இறங்கும்போதே சிரித்தார். "பெட்டியில பெருசா ஜெனுயின்னு அடிச்சிருந்தா அது டூப்ளிகேட் மகள். அசல் சாமானுக்கு நம்பர் மட்டும்தான் ஈக்கும்" என்றார். சிரித்துவிட்டு பஸ்ஸில் வீடு வரும்வரை அந்த மறுப்புக் கடிதத்தை விரிப்பதும் மடிப்பதுமாக இருந்தார்.

எங்கே பிழை நடந்தது என்று ஏஜென்ட் கண்டுபிடித்துவிட்டார். தேநீரில். மனைவி தன் தேநீருக்கு எத்தனை கரண்டி சீனி போடுவார் என்று விசா இன்டர்வியூவில் உங்களிடம் கேட்டிருக்கிறார்கள். மூன்று என்று சொன்னீர்களாம். என்னிடம் கேட்டபோது நான் சீனியே போடுவதில்லை என்றேன். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் எங்கள் வீட்டில் இருந்த பதினேழு நாளும் உம்மாதான் தேநீர் ஊற்றினா. மாப்பிள்ளைக்குச் சீனி குறைந்தால் மரியாதை குறைந்த மாதிரி, அதனால் மூன்று கரண்டி. ஒரே தட்டில் இரண்டு கோப்பை வரும். நான் மட்டும் சீனி வேண்டாம் என்றால் உங்கள் முன்னால் உம்மாவை எதிர்த்த மாதிரி ஆகும் என்று பேசாமல் குடித்தேன். என் வாழ்க்கையிலேயே அந்தப் பதினேழு நாள்தான் நான் சீனி போட்டுத் தேநீர் குடித்தது. அதைத்தான் நீங்கள் பார்த்தீர்கள்.

நம் வாட்ஸ்அப் செய்திகளையும் ஏஜென்ட் வாங்கிப் பார்த்தார். சாப்பிட்டீங்களா. ஓம். நீங்க? ஓம். வேலையா? ஓம். பதினொரு பக்கம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இதற்குப் பரிகாரமாக நான் ஆங்கிலத்தில் ஐந்து கடிதம் எழுத வேண்டுமாம். சனவரி, மார்ச் என்று பழைய திகதி, வேறு வேறு பேனா. சம்பவங்களையும் அவரே சொல்லித் தந்தார். நாம் கடற்கரையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டோமாம். நீங்கள் என் தலையைத் தடவினீர்களாம்.

நாலு எழுதிவிட்டேன். நல்ல வடிவான கடிதங்கள். வாசித்தால் எனக்கே அந்தப் பெண் மேல் பொறாமை வருகிறது. ஐந்தாவதை எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. அதற்குப் பதிலாக வந்ததுதான் இது.

எனக்குத் தனிமை தாங்க முடியவில்லை, நபீஸ். பின்னேரம் கடற்கரை ரயில் போகும்போது ஜன்னல் அதிரும். அந்த நேரம் அறையில் நான் மட்டும்தான். கட்டிலின் மறுபக்கத் தலையணை உறையைக்கூடக் கிழமைக்கு ஒரு தரம் மாற்றுகிறேன். அதில் யாரும் தலை வைப்பதில்லை. கீழ்வீட்டு லுத்பியா மாமி காணும்போதெல்லாம் "எப்ப போற?" என்று கேட்கிறா. இப்போது படியில் அவவின் சத்தம் கேட்டால் நான் உள்ளேயே நின்றுவிடுகிறேன்.

மறுப்புக் கடிதத்தில் அவர்கள் எழுதியதை நினைத்து அழுதேன். பொய் சொன்னார்கள் என்பதற்காக அல்ல. அது உண்மையாக இருக்குமோ என்ற பயத்தில். நீங்களும் அந்த மூன்று கரண்டித் தேநீரை உம்மாவுக்காகத்தான் குடித்தீர்களா? உங்களுக்குச் சீனி பிடிக்குமா? எனக்குத் தெரியாது. அதிகாரி அதைக் கேட்டிருந்தால் நான் முழித்திருப்பேன்.

மேல்முறையீட்டுக்கு அடுத்த மாத முடிவுவரை நேரம் இருக்கிறது. எழுதிய நாலு கடிதமும் என் அலுமாரியில் இருக்கின்றன. உங்கள் பதில் வராமல் அவற்றைக் கொடுக்க மாட்டேன். நீங்களும் எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், தமிழில், யாருக்கும் காட்டத் தேவையில்லாத ஒன்று. நான் வருவது உங்களுக்கு வேண்டுமா என்று எழுதுங்கள். வேண்டாம் என்றால் அதையும் எழுதுங்கள், வாப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். அந்த ஆங்கிலச் சொல்லை மட்டும் போட வேண்டாம்.

அல்லாஹ் உங்களைக் குளிரிலும் தனிமையிலும் காப்பானாக. தேநீருக்கு எத்தனை கரண்டி என்று மறக்காமல் எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.
உங்கள் மனைவி,
ரிஸ்லா