படம் வராத கட்டத்தில்

என் பாசத்துக்குரிய சண்முகம் மாப்ளே,

முதலில் ஒரு கேவலத்தை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். உன் எழவுக்கு வந்தவர்களிடம், நம் பம்புசெட் பட்டறையின் இணையப் பக்கத்தை நான் ஒருவனே செய்ததாகச் சொல்லிவிட்டேன். நீ நடுவீட்டில் படுத்திருந்தாய். எழுந்து மறுக்க மாட்டாய் என்கிற தைரியம்.

நிஜம் நமக்குத் தெரியும். காந்திபுரம் கம்ப்யூட்டர் வகுப்பில் ஒரு பெட்டிக்கு இரண்டு பேர். நீ தட்டுவாய், நான் குறை சொல்வேன். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை டீக்குப் போவாய். எழுத்தை ஓடவிடும் வித்தை தெரிந்ததும் பட்டறைப் பெயரை ஓடவிட்டாயே, அன்னூர்க்காரர் ஒருத்தர் என்ன சொன்னார்? "ஏனுங்க, படிக்கறதுக்குள்ள ஓடிப்போவுதுங்களே, பஸ்ஸுக்கு நேரமாச்சுங்களா?"

சரி, சேதிக்கு வருகிறேன். நிறைமாசம் என்பதால் உன் மகள் பிரியாவால் சிங்கப்பூரிலிருந்து வர முடியவில்லை. உன் முகத்தைக் கடைசியாக அவள் பார்க்கவே இல்லை. போன் செய்தேன். "நம்ம இணையப் பக்கத்துல அப்பா போட்டோ இருக்குதே, பாத்தியா கண்ணு?"

"போட்டோங்களா மாமா? இங்க வெறும் கட்டந்தான் தெரியுது. அதுக்குள்ள..."

மீதியைக் கேட்கப் பொறுமை இல்லை. போனை வைத்துவிட்டேன். நம் பட்டறைக் கம்ப்யூட்டரில் திறந்தால் வெள்ளைச் சட்டையில் மோட்டார் மேல் கை வைத்து ஜம்மென்று நிற்கிறாய். அங்கே மட்டும் ஏன் இல்லை?

அதற்கப்புறம் பிடித்தது பைத்தியம். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று உள்ளே எட்டிப்பார்த்தேன். அடுத்த வீட்டு அடுக்களையை எட்டிப்பார்க்கிற சுகம் அதில். ஒழுங்காகத் தெரிகிற பக்கமெல்லாம் உள்ளே கட்டத்துக்குள் கட்டம், அதற்குள் இன்னொரு கட்டம். திறந்த குறியை மூட மறந்தவர்கள் நம்மைப் போலவே நிறைய. இத்தனை நாள் இதை ஏன் உன்னிடம் கேட்காமல் விட்டேன்?

பத்தாம் நாள் பிடிபட்டது. படத்தின் முகவரியாக நம் பட்டறைக் கம்ப்யூட்டரின் சி டிரைவைக் கொடுத்திருந்தோம். உலகமே நம் மேஜைக்கு வந்து எட்டிப்பார்த்தால்தான் நீ தெரிவாய்! வகுப்பு மிஸ்ஸிடம் சொன்னேன். "அய்யோ அங்கிள், ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மண்டைதானுங்களா?" என்றாள். படத்தை இணையத்தில் ஏற்றினேன். பிரியாவைக் கூப்பிட்டுக் காலரைத் தூக்கிக்கொண்டு, "இப்பப் பாரு அம்மணி" என்றேன்.



"அப்பா நல்லா இருக்காருங்க மாமா. ஆனா அந்த வரி எங்கீங்க?"

"எந்த வரி?"

"கட்டத்துக்குள்ள அப்பா எழுதினது இருந்துச்சே. தெனமும் காலைல அதைப் படிச்சுட்டுத்தானுங்க மாமா வேலையைத் தொடங்குவேன்."

அப்போதுதான் உறைத்தது. மிஸ் சொன்ன புது விதி உனக்கு நினைவிருக்கிறதா? படம் வராவிட்டால் அந்த இடத்தில் என்ன தெரிய வேண்டும் என்று ஒரு வரி எழுதியே ஆக வேண்டும். இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக அது இப்படி இருந்தது: "இங்கதானுங்க இருக்கேன். டீ குடிச்சுப்போட்டு வாரேனுங்க."

படம் வந்ததும் வரி போய்விட்டது.

அன்றைக்கே படத்தின் பெயரில் ஓர் எழுத்தைத் தப்பாக மாற்றி, மறுபடி கெடுத்துவைத்தேன். போட்டோவைத் தனியாகத் தபாலில் அனுப்பினேன். மிஸ் தலையில் அடித்துக்கொண்டாள். இனி எந்த மகாராஜன் வந்து சொன்னாலும் அந்தக் கட்டத்தைச் சரிசெய்ய மாட்டேன் மாப்ளே. இது சத்தியம்.

உன் பெண்டாட்டிக்கு அண்ணனும்
உனக்கு எப்போதும் உபத்திரவமுமான,
மச்சான்

பி.கு.: இந்தக் கடிதம் அச்சாகிற பத்திரிகை சிங்கப்பூருக்குப் போவதில்லை என்று விசாரித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அந்த வரியைத் தட்டியது நான். நீ அப்போது டீ குடிக்கப் போயிருந்தாய்.